மற்றும் குழுவினர்

பதினோரு வருடம் கோரஸ் பாடியிருக்கிறேன். மேடையின் இடது ஓரம், மூன்று பேருக்கு இரண்டு மைக். கேசட் உறையில் பாடகர் பெயருக்குப் பிறகு 'மற்றும் குழுவினர்' என்று வருமே, அந்தக் குழுவினரில் ஒருத்தி. அதில் காது கெட்டுப்போய்விட்டது. எந்தப் பாட்டைப் போட்டாலும் முன்னால் பாடுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் இருப்பவர்கள் எங்கே மூச்சு எடுக்கிறார்கள் என்றுதான் தேடுகிறது.

ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் அப்படித்தான் எனக்குக் கிடைத்தார்கள். அமெரிக்காவில் பெரிய பாடகர்களுக்குப் பின்பாட்டுப் பாடிய நான்கு பெண்கள். சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் 'செயின் ஆஃப் ஃபூல்ஸ்' பாட்டில் பின்னால் இழுத்துக்கொண்டே வரும் குரல்கள், வான் மாரிசனின் 'பிரவுன் ஐடு கேர்ள்' பாட்டில் எல்லோரும் சேர்ந்து பாடும் அந்த 'ஷா லா லா', ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'பர்னிங் ஆஃப் த மிட்நைட் லாம்ப்'. மூன்றும் 1967இல் வந்தவை, மூன்றிலும் இவர்கள் இருக்கிறார்கள். அதே வருடம் அட்லாண்டிக் நிறுவனம் இவர்களை முன்னால் நிறுத்தி ஓர் ஆல்பம் போட்டது. பெயரும் குழுவின் பெயரேதான்: 'த ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ்'. அரீதாவைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இதைக் கேட்டிருப்பதில்லை.

சிஸ்ஸி ஹூஸ்டன், எஸ்டெல் பிரவுன், சில்வியா ஷெம்வெல், மிர்னா ஸ்மித். சிஸ்ஸியை 'விட்னி ஹூஸ்டனின் அம்மா' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். நியூஜெர்சியின் நியூவார்க்கில் டிரிங்கார்ட் சிங்கர்ஸ் என்ற குடும்பக் காஸ்பல் (கிறிஸ்தவப் பக்திப் பாட்டு) குழுவில் சின்ன வயதிலேயே பாட ஆரம்பித்தவர். தேவாலயத்தில் தேய்ந்த குரல். ஒரு சொல்லின் கடைசி எழுத்தை நான்கு பேரும் ஒரே நொடியில் விடுவதைக் கவனியுங்கள். ஒத்திகை மட்டும் பார்த்தால் அது வராது. பக்கத்தில் நிற்பவளின் தோள் அசைவது தெரிய வேண்டும்.

சரி, குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தில் இருக்கும் பாட்டுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே அடுத்தவர் பாடியவை. இரவல் நகை. எடி ஃபிளாய்டின் 'நாக் ஆன் வுட்', வில்சன் பிக்கெட்டின் 'டோன்ட் ஃபைட் இட்' இரண்டும் நன்றாகவே பாடப்பட்டிருக்கின்றன, ஆனால் முடிந்ததும் அசலைத் தேடிப் போகத் தோன்றுகிறது. 'டு ரைட் வுமன், டு ரைட் மேன்' பாட்டை அரீதா அதே வருடம்தான் பாடி முடித்திருந்தார். அதைத் தொடுவதற்குத் துணிச்சல் வேண்டும்தான், தேவை இருந்ததா என்பது வேறு கேள்வி. 'ரீச் அவுட் ஃபார் மீ' டியான் வார்விக் பாடியது. டியான் சிஸ்ஸியின் அக்கா மகள், அதனால் வீட்டுச் சொத்து என்று விட்டுவிடலாம்.

'வை ஆம் ஐ டிரீட்டட் சோ பேட்' வந்ததும் கதை மாறிவிடுகிறது. ஸ்டேபிள் சிங்கர்ஸின் பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் எழுதியது. 1957இல் லிட்டில் ராக் நகரத்தில் ஒன்பது கறுப்பின மாணவர்களை வெள்ளையர் பள்ளிக்குள் விடாமல் தடுத்ததைப் பார்த்து எழுதினார். மார்ட்டின் லூதர் கிங்குக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. இவர்கள் அதை அவசரமே இல்லாமல் பாடுகிறார்கள். என்னை ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்கும்போது குரல் உயரவில்லை. கோபத்தை வாய்க்குள்ளேயே வைத்து மெல்லுகிற மாதிரி இருக்கிறது. முதல் தடவை கேட்டபோது சோறு வடிக்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். குழைந்துபோனது.

அப்புறம் 'ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்' என்ற பாட்டு. டேன் பென்னும் ஸ்பூனர் ஓல்ட்ஹாமும் எழுதியது, மெம்ஃபிஸில் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவில் பதிவானது. 1968இல் பில்போர்டு பாப் பட்டியலில் 18ஆம் இடம் வரை போனது. இவர்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி அதுதான். கிட்டார் ஒரு சின்ன வளைவு போட்டுக் கூப்பிடுகிறது. குரல்கள் வந்தபின் யார் தலைவி, யார் பின்பாட்டு என்று நான் பிரித்துப் பார்க்க முயன்று தோற்றிருக்கிறேன். மற்ற பாட்டுகளில் ஒருத்தி முன்னால் போனால் மூவர் பழக்கதோஷத்தில் ஒரு அடி பின்வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் தெரியும். ஒருமுறை தனியாக நான்கு வரி பாடக் கொடுத்தபோது மைக்கிலிருந்து அரை அடி தள்ளியே நின்றேன், ஒலிப்பதிவாளர் திட்டினார். இந்தப் பாட்டில் யாருமே பின்வாங்கவில்லை. இப்படி இன்னும் நான்கு பாட்டை இவர்களுக்கென்றே எழுதிக் கொடுத்திருந்தால் இந்த ஆல்பம் மறந்துபோயிருக்காது என்பது என் எண்ணம்.

1969இல் லாஸ் வேகாஸில் எல்விஸ் பிரெஸ்லிக்குப் பின்னால் நின்றார்கள். அந்த வருடத்தோடு சிஸ்ஸி விலகினார். மற்ற மூவரும் எல்விஸோடு தொடர்ந்தார்கள்.

வரிசைப்படி கேட்க வேண்டாம். 'ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்' பாட்டில் ஆரம்பித்து, 'வை ஆம் ஐ' கேட்டுவிட்டு, 'ப்ளூஸ் ஸ்டே அவே ஃபிரம் மீ' பக்கம் வாருங்கள். டெல்மோர் சகோதரர்களின் பழைய கன்ட்ரி பாட்டு இவர்கள் வாயில் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். மூன்றும் பிடித்தால் முழுசாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் அரீதாவின் 'ஐன்ட் நோ வே' மட்டும் போடுங்கள், ஹெட்ஃபோனில். அரீதாவுக்கு மேலே, சொல்லே இல்லாமல், கூரையைத் தொடுகிற மாதிரி ஒரு குரல் மிதக்கும். அது சிஸ்ஸி.