பியூர்கர்கெல்டா, வோன்கெல்டா? ஜேர்மன் குடியுரிமைக்கு எழுதிப் போடுமுன்

நான் உணவகச் சமையலறையில் வாரம் 20 மணித்தியாலம், மனைவி முதியோர் இல்லத்தில் 20. பிள்ளைகள் இரண்டு பேர். சம்பளம் மாதக் கடைசி வரை வராது. எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஜொப்சென்டர் என்ற அரச அலுவலகத்தில், வேலையில்லாதவருக்கும் சம்பளம் போதாதவருக்கும் கொடுக்கும் பியூர்கர்கெல்ட் என்ற உதவிப்பணத்தை எடுத்துச் சம்பளத்தை நிரவலாம்; அல்லது வாடகைக்கு வோன்கெல்ட், பிள்ளைகளுக்குக் கிண்டர்சூஷ்லாக் என்று இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். நாங்கள் எடுத்தது இரண்டாவது.

அலைச்சல் குறைவு பியூர்கர்கெல்டில்தான். ஒரே அலுவலகம், ஒரே விண்ணப்பம், வாடகையும் ஹீட்டிங்கும் அதற்குள் வரும். மற்றதற்கு, வோன்கெல்டுக்கு நகரசபைக்கும், கிண்டர்சூஷ்லாக்குக்குப் பிள்ளைகளுக்கான பணம் கொடுக்கும் அலுவலகமான ஃபமிலியன்காசேக்கும் தனித்தனியே எழுத வேண்டும். கிண்டர்சூஷ்லாக் (2025இல் பிள்ளைக்கு மாதம் 297 யூரோ வரை) ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கேட்க வேண்டியது. எங்களுக்கு வோன்கெல்ட் கைக்கு வர நாலு மாதம் போனது. அதுவரை கைமாற்று வாங்கித்தான் வாடகை கட்டினோம்.

இவ்வளவையும் பொறுத்தது குடியுரிமைக்காக.

2024 ஜூன் 27இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், ஜேர்மனியில் வாழ்ந்திருக்க வேண்டிய எட்டு வருடத்தை ஐந்தாக்கியதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதே சட்டம் மூடிய கதவைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. முன்பெல்லாம், உதவிப்பணம் எடுக்க நேர்ந்தது உங்கள் பிழையால் அல்ல என்று காட்டினால், விண்ணப்பம் தப்பும். இப்போது அந்தப் பொதுவிலக்கு இல்லை. பியூர்கர்கெல்ட் எடுத்தும் உரிமையோடு கேட்கக்கூடியவர்கள் சிலர்தான்: பல பத்தாண்டுகளுக்கு முன் ஒப்பந்த வேலைக்கு அழைக்கப்பட்டு வந்தவர்கள், கடைசி 24 மாதத்தில் 20 மாதம் முழுநேரம் உழைத்தவர், அவரோடும் பராயமடையாத பிள்ளையோடும் வாழும் துணை. எங்கள் இருவர் வேலையையும் கூட்டினால் 40 மணித்தியாலம். ஆனால் சட்டம் கேட்பது ஒருவருடைய முழுநேர வேலையை. எங்களில் ஒருவரும் அதற்குள் வரவில்லை.

வோன்கெல்டும் கிண்டர்சூஷ்லாகும் இந்தத் தடைக்குள் வராது. சமூகச் சட்டக்கோவையின் 2ஆம் நூல் (பியூர்கர்கெல்ட்), 12ஆம் நூல் (சமூக உதவிப்பணம்) ஆகியவற்றின் கீழ் வரும் பணத்தைத்தான் சட்டம் பார்க்கிறது. பிள்ளைகளுக்கான மாதப்பணமான கிண்டர்கெல்டுக்கும், வேலையிழப்புக் காப்புறுதிப் பணத்துக்கும் பயப்படத் தேவையில்லை.

நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், வயோதிபர்களுக்கு நிலைமை வேறு. விசேட கஷ்டம் என்று காட்டி, அதிகாரியின் தற்றுணிவில் கேட்கும் வழி அவர்களுக்கு உண்டு. நாங்கள் அந்த வழியில் போகவில்லை. எழுதுமுன் ஆலோசனை நிலையத்தில் காட்டுங்கள்.

குடியுரிமைக் கட்டணமாகப் பெரியவருக்கு 255, பிள்ளைக்கு 51 யூரோ கட்டி, இரண்டு உதவிகளின் அனுமதிக் கடிதங்களையும் மறைக்காமல் இணைத்தோம். அதிகாரி அவற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வேலை ஒப்பந்தங்கள் நிரந்தரமா என்று மட்டும் கேட்டார்.