கிளாஸ் 08: மெதுவாகப் போகவே கட்டிய ஷண்டிங் லோகோ

மணிக்கு 24 கிலோமீட்டர். பிரிட்டிஷ் ரயில்வேயின் கிளாஸ் 08 டீசல் ஷண்டருக்கு, அதாவது யார்டில் வேகன்களைத் தள்ளிப் பிரித்துக் கோக்கும் லோகோவுக்கு, அதுதான் உச்ச வேகம். சைக்கிளை அழுத்தி மிதிக்கிறவர் முந்திவிடுவார். இருந்தும் 1952 முதல் 1962 வரை டெர்பி, குரூ, டார்லிங்டன், டான்காஸ்டர், ஹார்விச் பட்டறைகளில் 996 லோகோக்கள் கட்டினார்கள். அவற்றில் கணிசமானவை இன்றும் பிரிட்டனின் டெப்போக்களிலும் தனியார் தொழிற்சாலைப் பாதைகளிலும் பாரம்பரிய ரயில்களிலும் ஓடுகின்றன. பழைய 08 ஒன்றை வாங்க நினைப்பவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும், எங்கே ஏமாறலாம் என்பதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம்.

டீசல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுழற்றும், அந்த மின்சாரத்தில் டிராக்‌ஷன் மோட்டார்கள் சக்கரங்களைச் சுழற்றும். லோகோவின் உயிர் இருப்பது மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையிலான பல்சக்கர விகிதத்தில்: 23.9-க்கு 1. குதிரைத்திறன் வெறும் 350 (261 கிலோவாட்). ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 156 கிலோநியூட்டன் இழுவை கிடைக்கிறது. சுமார் 50 டன் எடையுள்ள லோகோவுக்குத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் இதற்கு மேல் கேட்பது பேராசை. தொடர்ந்து தரக்கூடிய இழுவை 49 கிலோநியூட்டன், மணிக்கு 14 கிலோமீட்டரில். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் ஓட்டுநரின் கவனம் இருக்க வேண்டும். கனமான ரேக்கை, அதாவது கோத்த வேகன் வரிசையை, ஆமை வேகத்தில் வெகுநேரம் தள்ளினால் டிராக்‌ஷன் மோட்டாரில் கரண்ட் ஏறிக்கொண்டே போகும், சுற்றுகள் சூடாகும், இன்சுலேஷன் மெல்லப் பொரியும். அம்மீட்டரைப் பார்க்காமல் ஓட்டிய லோகோவை மோட்டாரின் இன்சுலேஷன் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்ததல்ல. 1930-களில் எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) ரயில்வே இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்துடன் சேர்ந்து செய்த சோதனைகளில் தொடங்கியது. 1939-இல் வந்த தொகுதியில் ஒரே மோட்டார், ஜாக்‌ஷாஃப்ட் என்ற இடைத்தண்டு வழியாகச் சக்கரங்களைச் சுழற்றியது. 1945-இல் அதைக் கைவிட்டு, அச்சிலேயே தொங்கும் இரண்டு மோட்டார்களுக்கு மாறினார்கள். பின்னாளில் கிளாஸ் 11 என்று பெயர் பெற்ற அந்த லோகோவுக்குச் சற்றுப் பெரிய சக்கரம் (1,372 மில்லிமீட்டர்) போட்டால் ஏறக்குறைய 08 வந்துவிடும். லோகோவின் அடிச்சட்டகம் சக்கரங்களுக்கு வெளியே இருப்பதால் உள்ளே மோட்டாருக்கு இடம் கிடைக்கிறது. அச்சு முனையில் மாட்டிய கிராங்க்குகளும் அவற்றை இணைக்கும் கப்ளிங் ராடுகளும் வெளியே தெரிகின்றன. பார்க்க நீராவிக் காலத்து மிச்சம் போலிருக்கும். ஆனால் இழுக்கும்போது ஒரு முனை அச்சின் பாரம் குறைந்தாலும், ராடு இருப்பதால் அந்தச் சக்கரம் மட்டும் தனியாக வழுக்க முடியாது.

அந்த ராடுதான் தொல்லையும். ஆறு சக்கரங்களின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜோடியை மட்டும் கடைந்துவிட்டு மற்றதை விட்டுவைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும், ராடின் துளைகளில் உள்ள புஷ்கள் (தேய்மான வளையங்கள்) சீக்கிரம் தேயும். லோகோவை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். திசை மாறும்போது ராடில் ‘டொக்’ என்று அடித்தால் புஷ் போய்விட்டது. அதை மாற்றுவதற்கு முன் சக்கரங்களை அளக்காவிட்டால் புது புஷ்ஷும் அதே கதிதான்.

இன்ஜின் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் 6கேடி. ஆறு சிலிண்டர், 254 மில்லிமீட்டர் போர், 305 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். கணக்குப் போட்டால் 92 லிட்டருக்கு மேல். இவ்வளவு பெரிய இன்ஜினிலிருந்து 350 குதிரைத்திறனை மட்டும், அதுவும் 680 சுற்றில், டர்போ இல்லாமல் எடுக்கிறார்கள். சோம்பேறித்தனம் போலத் தோன்றும், நீண்ட ஆயுளின் ரகசியமே அதுதான். ஆனால் யார்டு வேலை என்றால் பாதிப் பொழுது ஐடிலிங், அதாவது இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருப்பது. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது. மிச்சம் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கவைக்கும், புகைபோக்கியில் கரி படியும். ஆயிலின் பிசுபிசுப்பைச் சோதிக்காமல் விலை பேசாதீர்கள். டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் கசிகிறது. அங்கேயே திரும்பிவிடலாம். தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, பேட்டரி கரண்டில் மெயின் ஜெனரேட்டரே இன்ஜினைச் சுழற்றிவிடும். ஆகவே மாதக்கணக்கில் நின்ற லோகோவில் முதலில் சாவது பேட்டரி.

பிரேக்கைத் தனியாக விசாரிக்க வேண்டும். லோகோவுக்கு ஏர் பிரேக் உண்டு. ரயிலுக்கு வேக்குவமா (வெற்றிட பிரேக்), ஏரா, இரண்டும் சேர்ந்த இரட்டை அமைப்பா என்பது லோகோவுக்கு லோகோ மாறும். உங்கள் வேகன்களுக்குப் பொருந்தாததை வாங்கிவிட்டு மாற்றியமைப்பது வீண் செலவு.

சிறிய கிளாஸ் 03 போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 204 குதிரைத்திறன் கார்ட்னர் இன்ஜின், ஃப்ளூயிட் கப்ளிங், ஐந்து வேக எபிசைக்ளிக் கியர்பாக்ஸ், சுமார் 30 டன், மணிக்கு 46 கிலோமீட்டர். நாலைந்து வேகன் உள்ள வளைந்த துறைமுகப் பாதைக்கு நல்லது. நின்ற ரேக்கைக் கிளப்புவதில் 08-க்குப் பாதிகூட வராது, 68 கிலோநியூட்டன்தான். எடையும் அச்சிடை தூரமும் குறைவானதால் பாதையில் ரயில் இருப்பதைச் சிக்னலுக்குச் சொல்லும் டிராக் சர்க்யூட் அதை உணரத் தவறக்கூடும். அதனால் கூடவே ஒரு வேகனைக் கோத்து அனுப்ப வேண்டியிருந்தது. கொஞ்சம் வேகமும் வேண்டும் என்றால் கிளாஸ் 09 பார்க்கலாம். அதே லோகோதான், பல்சக்கர விகிதம் மட்டும் மாறி மணிக்கு 43 கிலோமீட்டர், இழுவை 111 கிலோநியூட்டன். ஆனால் கட்டியதே 26, கிடைப்பது அரிது. ஜெர்மனியின் வி60 இந்தச் சிக்கலை இரண்டு கியர் வைத்துத் தீர்த்தது: யார்டுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர், லைனுக்கு 60. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன் தெரிந்த ஃபிட்டர் வேண்டும். 08-க்கு மோட்டார் பிரஷ் மாற்றத் தெரிந்தவர் போதும்.

வாங்கியபின் பலர் தவறுவது எடுத்துவரும்போது. வேறொரு லோகோவின் பின்னால் கோத்து வேகமாக இழுத்துவரக் கூடாது. 24 கிலோமீட்டரிலேயே மோட்டார் ஆர்மேச்சர் (சுழலும் பாகம்) நிமிடத்துக்கு 2,200 சுற்று சுழல்கிறது. 96-இல் இழுத்தால் 8,900 ஆகும். சுற்றுகளைக் கட்டியிருக்கும் பட்டை அறுந்து மோட்டார் உள்ளேயே சிதறிவிடும். கப்ளிங் ராடைக் கழற்றினாலும் மோட்டார் அச்சோடுதான் சுழலும், அதனால் பயனில்லை. மோட்டார் தண்டிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனைக் கழற்ற வேண்டும், இல்லையேல் டிரெய்லரில் ஏற்றிச் சாலை வழியே கொண்டுவர வேண்டும்.