தலை தப்பியது: தருமபுரியில் போட்டோ பிரிண்ட் போட்ட கதை

அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போனால் போனில் இருக்கும் படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்து வருவது எங்கள் வீட்டு வழக்கம். அமெரிக்காவிலும் போடலாம்தான். ஆனால் ஊரில் பாதிப் படங்களை அங்கேயே சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம். இந்த முறை பாலக்கோட்டில் சித்தப்பா வீட்டுப் புதுமனைப் புகுவிழா, ஒகேனக்கல் பரிசல், அதியமான்கோட்டை பைரவர் கோயில் என்று ஏகப்பட்ட படங்கள்.

தருமபுரியில் முதலில் கொடுத்த கடையில் பென்டிரைவை வாங்கிக்கொண்டு "சாயங்காலம் வாங்க சார்" என்றார்கள். வேகத்தில் குறையே இல்லை. கவரைப் பிரித்தால், குரூப் போட்டோவில் பின்வரிசைக்காரர்களுக்கு நெற்றிக்கு மேல் எதுவும் இல்லை. இன்னொன்றில் ஓரமாக நின்ற பெரியப்பா பாதிதான் இருக்கிறார். கேட்டால், "மெஷினே ஆட்டோவா வெட்டிக்கும் சார்." விசேஷ வீட்டுப் படத்தில் பெரியப்பாவை வெட்டிவிட்டு மெஷின்மேல் பழி போட்டால் எடுபடுமா?

கணக்கு எளிதுதான். 4x6 பேப்பர் 3:2 விகிதம். போன் கேமரா வழக்கமாக எடுப்பது 4:3. அந்தப் படத்தை 6 இன்ச் அகலத்துக்குக் கொண்டுவந்தால் உயரம் 4.5 இன்ச் வரும். அந்த அரை இன்ச் எங்கேயாவது போக வேண்டும். மெஷின் மேலும் கீழும் கால் கால் இன்ச் எடுத்துவிடும், தலைகள் போய்விடும். போனில் 16:9 வைத்து எடுத்திருந்தால் நேர்மாறு. பேப்பரை நிரப்ப இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு இன்ச்சுக்கு மேல் போகும். பெரியப்பா போனது அப்படித்தான்.

அப்புறம் நான்கு ரோடு பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குப் போனேன். இங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு கம்ப்யூட்டர் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார் அந்தத் தம்பி. போட்டோஷாப்பில் 6x4 கட்டத்தைப் படத்தின்மேல் வைத்து மேலும் கீழும் நகர்த்திக் காட்டினார். "அண்ணா, தலைக்கு மேல இடம் விட்டா கோலம் பாதி போயிடும். எது வேணும்?" தலைதான் வேணும் தம்பி! பெரியப்பா படத்தை வெட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலும் கீழும் வெள்ளை ஓரம் விட்டு முழுப் படமாகப் போட்டார். விளிம்பை ஒட்டி யாரையும் நிறுத்தக் கூடாது, ஓரமில்லாத பிரிண்டில் மெஷின் இன்னும் ஒரு நூல் தின்னும் என்றார். இந்த வேலைக்குத் தனிக் காசும் வாங்கவில்லை. கூட்டம் இல்லாத மத்தியான நேரம் என்பதும் ஒரு காரணம். முகூர்த்த நாளில் போய் இப்படி உட்கார முடியாது.

பெரிய சைஸ் போடுகிறவர்களுக்கு ஒன்று. 4x6, 8x12, 12x18 மூன்றும் ஒரே விகிதம், ஒருமுறை வெட்டினால் மூன்றுக்கும் ஆகும். ஆனால் வாட்ஸப்பில் சாதாரணமாக வந்த படத்தைக் கொடுக்காதீர்கள். நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். 4x6-க்குத் தாங்கும், ஏனென்றால் இன்ச்சுக்கு 300 பிக்சல் என்றாலும் 1800தான் வேண்டும், 1600 அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். 12x18-க்கு அதே கணக்கில் 5400 வேண்டும். இன்ச்சுக்கு 90கூடத் தேறாத படத்தைப் போட்டால் முகம் கலங்கித்தான் தெரியும். எடுத்தவரிடம் கேட்டு, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஃப்ரேம் விஷயத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டும். ஊரில் 8x12 என்றால் உடனே போட்டுத் தருவார்கள். அமெரிக்கக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ஃப்ரேம் 8x10. அங்கே போய் மாட்டப் போகிறீர்கள் என்றால் 8x10 என்று முதலிலேயே சொல்லி, வெட்டுப்படும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரையிலேயே பார்த்துவிடுங்கள். கண்ணாடி ஃப்ரேமோடு பெட்டியில் வைப்பது வீண் வேலை. பிரிண்டை மட்டும் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டித் தரச் சொன்னால் தருகிறார்கள்.