நைலோன் கொண்டை வலை: ஆலைக்குச் சரி, அடுப்படிக்குச் சரிவராது

மட்டக்களப்புக் கடைகளில் விற்கும் கறுப்பு நைலோன் கொண்டை வலை தோளளவு முடிக்குப் போதும். இடுப்பளவு என்றால் முதலில் இறுக்கப் பின்னி, பிடரிக்கு மேலே சுருட்டி, நாலைந்து கொண்டை ஊசி குத்திய பிறகே வலை. பின்னலைத் தொங்கவிட்டு வலை போடுவது சும்மா அலங்காரம். சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளில் பெல்ட்டும் புல்லிச் சக்கரமும் பிடிப்பது தொங்கும் அந்தப் பின்னல் நுனியைத்தான். மோட்டரை நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது. நெற்றி முடி வலைக்குள் அடங்காது, மேலே துணித்தொப்பி வேண்டும். எண்ணெய் வழியும் தலையில் ஊசி வழுக்கும். இலாஸ்டிக் துவைக்கத் துவைக்கத் தளரும், இரண்டாக வாங்குங்கள். காஸ் அடுப்பருகே மட்டும் கழற்றிவிடுங்கள்: நைலோன் உருகித் தோலில் ஒட்டும். அங்கே பருத்தித் துணிதான்.