ஹட்டனில் ஒரு சர்வதேச உறவுகள் வகுப்பு: பணம் கட்டிச் சேர்க்கலாமா?

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஹட்டன் டவுனில் ஞாயிறு காலையில் நடக்கும் சர்வதேச உறவுக் கோட்பாடுகள் வகுப்பைப் பற்றிச் சில பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவள். தங்கச்சி மகளைச் சேர்த்துவிட்டு, சேரிடம் கேட்டு நானும் பின் வாங்கில் உட்கார்ந்தேன். வகுப்பின் பெயரைப் போடவில்லை. ஹட்டன்காரருக்கு எதுவென்று தெரியும்.

கட்டணம் மாதம் 2,000 ரூபாய். டியூட்டுக்கு, அதாவது போட்டோகொப்பி அடித்த பாடக் குறிப்புக்கு, தனியாக 600. தகரக் கூரை மண்டபம், மழை பிடித்தால் முன் வரிசைக்கு மட்டும்தான் பாடம். ஹட்டனில் ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தும் ஒரு ஸ்பீக்கர் போடாதது எனக்கு விளங்கவில்லை.

ஆனால் சேர் படிப்பிக்கிற விதம் வேறு. வரைவிலக்கணம் எழுதச் சொல்லித் தொடங்கவில்லை. 2017 டிசம்பரில் ரஷ்யா ஏன் எங்கள் தேயிலையை நிறுத்தியது என்று கேட்டார். பெட்டியில் வண்டு இருந்ததாம் என்றான் ஒரு பையன். சரி என்றுவிட்டு, பலகையில் இன்னொரு விஷயத்தை எழுதினார்: 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டாஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவு செய்திருந்தது. அஸ்பெஸ்டாஸ் விற்கிற பெரிய நாடு ரஷ்யா. கொழும்பு அந்தக் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது, டிசம்பர் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. "இப்போ சொல்லுங்க, பிரச்சினை வண்டா?" என்றார். வகுப்பே சிரித்தது. நாடுகள் தங்கள் நலனையும் பலத்தையும் பார்த்துத்தான் நடக்கும் என்கிற யதார்த்தவாதம் என்ற சொல் அதற்குப் பிறகுதான் பலகைக்கு வந்தது. அதோடு கி.மு. 416இல் பலம்மிக்க ஏதென்ஸ் படை சின்ன மெலோஸ் தீவை அடிபணியச் சொல்லிச் சுற்றி வளைத்த கதை, அதை எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், 1948இல் அதே சிந்தனையைப் பாடமாக ஒழுங்குபடுத்திய மோர்கெந்தாவ், நாடுகளுக்கு மேலே ஓர் அரசு இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று 1979இல் வாதிட்ட வோல்ட்ஸ். பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. மெலோஸ்காரர் என்ன செய்திருக்கலாம் என்று பிள்ளைகளைச் சண்டை பிடிக்க விட்டார்.

கொடுத்த காசுக்குப் பெறுமதி என்று நான் சொல்வது, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றிச் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுத்த அன்றைக்காக. 1964 ஒக்டோபர் 30. நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்தக் கணக்கை நானும் வருஷாவருஷம் வரலாற்றுப் பாடத்தில் எழுதிப்போடுகிறேன். சேர் அதையே மூன்று விதமாகக் கேட்டார். யதார்த்தவாதியாக நின்றால், 1962இல் சீனாவிடம் அடிபட்ட இந்தியாவுக்கு அக்கம்பக்கத்தில் நண்பர்கள் தேவைப்பட்டார்கள், அதனால் இத்தனை பேரைத் திருப்பி எடுக்க நேரு மறுத்து வந்ததைச் சாஸ்திரி ஒப்புக்கொண்டார். உள்நாட்டு அரசியலைப் பார்த்தால், 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு வாக்கை இழந்த மக்களுக்காகப் பேரம் பேச கொழும்பில் யாருக்கும் அவசரம் இல்லை. மார்க்சியவாதி வந்தால் கேள்வியே மாறும்: தேயிலையை உண்டாக்கிய உழைப்பை, அந்த மக்களிடம் கேட்காமலே இரண்டு அரசுகள் எப்படிப் பிரித்துக்கொள்ள முடிந்தது?

பஸ்ஸில் வரும்போது தங்கச்சி மகள், "அம்மாயியோட அக்கா கோத்தகிரிக்குப் போனது அந்த 525,000க்குள்ளேயா, பெரியம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற தலைமன்னார் கோச்சியைப் பற்றி எங்கள் அம்மா சொன்னதையெல்லாம் சொல்லச் சொல்லித் தலவாக்கலை வரும்வரை விடவில்லை. அதுவரை அவளுக்கு அது குடும்பத்துப் பழங்கதை மட்டும்தான்.

இனிக் குறைகள். விதிகளாலும் அமைப்புகளாலும் நாடுகள் ஒத்துழைக்க முடியும் என்கிற தாராளவாதத்தைச் சேர் ஏதோ நல்ல பிள்ளைகளின் கனவு மாதிரி நடத்தினார். அமெரிக்க ஜனாதிபதி வில்சன், முதலாம் உலகப் போருக்குப் பின் வந்த சர்வதேச சங்கம், அது தோற்றது, முடிந்தது. 1952 இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தைச் சொன்னார், அது நல்ல உதாரணம்தான். கம்யூனிஸ எதிர்ப்பு அரசாங்கம் ஒன்று அரிசிக்காகச் சீனாவோடு கைகோர்த்து, அமெரிக்க உதவியையும் இழந்தது. ஆனால் ஜீஎஸ்பி பிளஸ் வரவே இல்லை. மனித உரிமைக் காரணங்களைச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் நிறுத்தி 2017இல் திரும்பக் கொடுத்த ஏற்றுமதி வரிச்சலுகை அது. அந்த மண்டபத்தில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருடைய அக்காமார் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கிறார்கள்! விதிகளும் அமைப்புகளும் நாடுகளைக் கட்டுப்படுத்துமா என்று வாதாட இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு நாடு இன்னொன்றை நண்பன், எதிரி என்று எப்படிப் பார்க்கிறது என்பதுதான் முக்கியம் என்கிற கட்டுமானவாதம் கடைசி அரை மணித்தியாலத்தில் ஓடிப்போனது. பிரிட்டனின் 500 அணுகுண்டைவிட வடகொரியாவின் 5 குண்டு ஏன் அமெரிக்காவுக்குப் பயம் என்று 1995இல் வென்ட் என்ற அறிஞர் கேட்ட கேள்வியைச் சொன்னதோடு சரி. 1911 குடிசன மதிப்பீட்டில் எங்களைத் தனியாக 'இந்தியத் தமிழர்' என்று எண்ணத் தொடங்கியதிலிருந்து தொடங்கியிருந்தால் ஒரு முழு ஞாயிறும் போதாது.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது பெண்ணியக் கோட்பாட்டில். டியூட்டில் ஒரே பக்கம், வகுப்பில் "வாசிச்சுக்கொள்ளுங்க". வந்திருப்பதில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள், பாதிப் பேரின் அம்மாமார் அன்றாடம் கொழுந்து பறிக்கிறவர்கள். நாட்டின் அந்நியச் செலாவணி அவர்கள் கூடையிலிருந்து தொடங்குகிறது. சர்வதேச அரசியலில் பெண்கள் எங்கே என்று கேட்ட சிந்தியா என்லோ தோட்டத் தொழிலாளப் பெண்களைப் பற்றியே எழுதியவர். அவர் பெயர்கூட வரவில்லை.

டியூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போட்டோகொப்பி மங்கல், வரைபடங்கள் கறுப்புத் திட்டு. வகுப்புக்குப் போகாமல் டியூட்டை மட்டும் வாங்குவது வீண் செலவு.

புள்ளி மட்டும் வேண்டும் என்பவர்கள் கடந்தகால வினாத்தாள் செய்விக்கும் வேறு வகுப்புக்குப் போகட்டும், இங்கே அது மிகக் குறைவு. செய்தியைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். முன் வரிசையில் இடம் பிடிக்க எட்டு மணிக்கே போய்விடச் சொல்லுங்கள்.

பெண்ணியப் பாடத்தைப் பற்றிச் சேரிடம் நேரிலேயே சொன்னேன். "அடுத்த பெட்ச்சுக்குப் பார்ப்போம், மிஸ்" என்றார். தங்கச்சியின் சின்ன மகளுக்கு அடுத்த வருஷம் உயர்தரம். காசு கட்டுமுன் புது டியூட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.