யோனாவா, பேதுருவா? தடைக்கால வகுப்புக்கு எது?

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். வாலிபர்கள் சபையின் வேதாகம வகுப்புக்கு வருவதும் அப்போதுதான். கீழ்ப்படிதலைப் பற்றிப் பேச யோனாவை எடுப்பதா, பேதுருவை எடுப்பதா என்று பாம்பன் பக்கம் பாடம் எடுப்பவர்கள் ஆண்டுதோறும் குழம்புகிறார்கள்.

தயாரிப்பு
யோனா: 4 அதிகாரம், 48 வசனம். இரண்டு வாரம் வேண்டும்.
பேதுரு: லூக்கா 5-இல் முதல் 11 வசனம் போதும்.

கவனம்
யோனா: மீன் விழுங்கியது என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஆனால் பலருக்குக் கதை மீனோடு நின்றுவிடும், கடவுள் அவரைப் போகச் சொன்ன நினிவே நகரத்துக்குப் போய்ச் சேராது.
பேதுரு: மெதுவாகத்தான் பிடிக்கும்.

கீழ்ப்படிதல்
யோனா: காசு கொடுத்துக் கப்பலேறி ஓடியவர். அப்புறம் போனார், போயும் கோபம் தீரவில்லை.
பேதுரு: ராத்திரி முழுக்க மீன்பாடு இல்லாமல் வந்து, கரையில் வலையை அலசிய கூட்டத்தில் ஒருவர். இயேசு திரும்ப வலையைப் போடச் சொன்னார், போட்டார். அலசிய வலையைத் திரும்ப நனைப்பது எவ்வளவு எரிச்சல் என்று நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம். அதுவும் ஒரு தச்சர் சொல்லி! நான் இதைச் சொன்ன அன்று பின்வரிசைப் பையன் ஒருவன், "எங்கப்பா போட்டிருக்க மாட்டாரு சார்" என்றான். பாடம் அங்கேதான் ஆரம்பித்தது.

விசுவாசம்
யோனா: மீன் வயிற்றில் செய்த ஜெபம், 2-ஆம் அதிகாரம்.
பேதுரு: வலை கிழிகிற அளவு மீன் வந்தது பிறகுதான். கிடைத்ததையும் விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்.

சரி, சின்னப் பிள்ளைகளுக்கு யோனா. கடலுக்குப் போகத் தொடங்கியவர்களுக்குப் பேதுரு. வீட்டில் முறைத்துக்கொண்டு திரிபவன் யாராவது இருந்தால், யோனாவின் 4-ஆம் அதிகாரம், நிழல் தந்து பட்டுப்போய் அவரைக் கோபப்படுத்திய அந்த ஆமணக்குச் செடி.