ஷேர்டு ஹோஸ்டிங்: பக்கத்து அக்கவுன்ட்டிடமிருந்து காப்பது எது?

பல வாடிக்கையாளர்களின் தளங்கள் ஒன்றாக இருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங் சர்வருக்கு ஆபத்து நேராக வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பழைய ப்ளக்இன்னை அப்டேட் செய்யாமல் விட்ட ஒரே ஒரு அக்கவுன்ட் போதும். அதன் வழியே நுழைந்தவன் அந்த சர்வரின் உள்ளூர்ப் பயனராகிவிடுகிறான். ஃபயர்வாலெல்லாம் அவனுக்குப் பின்னால். அதனால் அக்கவுன்ட்டுகளை எவ்வளவு உறுதியாகப் பிரிக்கிறது என்பதை வைத்தே மாட்-பிஹெச்பி (அப்பாச்சி வெப் சர்வருக்குள்ளேயே பிஹெச்பியை ஓட்டுவது), பிஹெச்பி-எஃப்பிஎம் (பிஹெச்பியைத் தனி சர்வீஸாக ஓட்டுவது), கிளவுட்லினக்ஸ் (ஷேர்டு ஹோஸ்டிங்குக்கென்றே செய்த லினக்ஸ்) மூன்றையும் எடைபோட வேண்டும்.

மாட்-பிஹெச்பியை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். எல்லாத் தளங்களும் அப்பாச்சியின் ஒரே பயனர் பெயரில் ஓடுகின்றன. பிஹெச்பி திறக்கும் கோப்புகளைக் குறிப்பிட்ட ஃபோல்டருக்குள் அடைக்கும் ஓப்பன்-பேஸ்டிர் அமைப்பைப் போட்டால் போதும் என்பவர்கள் உண்டு. பிஹெச்பியிலிருந்து ஒரு ஷெல் கட்டளை ஓடினால் அந்தத் தடை அங்கே செல்லாது. அறிமுகமில்லாதவர்கள் பகிரும் சர்வரில் இது வேண்டவே வேண்டாம்.

எஃப்பிஎம்மில் அக்கவுன்ட்டுக்கு ஒரு பூல் (பிஹெச்பி புராசஸ்களின் குழு), பூலுக்குத் தனிப் பயனர். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் கோப்புக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்) கொடுத்துவிட்டால் பக்கத்து பிஹெச்பியால் அதைத் திறக்க முடியாது. 644-இல் (யாரும் படிக்கலாம்) விட்டால்தான் வினை. தாக்குபவன் தன் ஃபோல்டரில் டெக்ஸ்ட் கோப்பு போன்ற பெயரில் ஒரு சிம்லிங்க்கை (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) வைத்து, அதைப் பக்கத்து வீட்டு கான்ஃபிக்கை நோக்கித் திருப்புகிறான். பிறகு பிரவுசரில் திறக்கிறான். அப்பாச்சிக்கு இரண்டு ஃபோல்டருக்குள்ளும் போக அனுமதி உண்டு. பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகத் திரையில் வந்து நிற்கும். உரிமையாளர் ஒருவரே என்றால் மட்டும் லிங்க்கைத் தொடரும் அப்பாச்சி அமைப்பு இருக்கிறது. ஆனால் சோதிப்பதற்கும் திறப்பதற்கும் இடையே லிங்க்கை மாற்றிவிட முடியும் என்பதால், அதைப் பாதுகாப்பாகக் கருத வேண்டாம் என்று அப்பாச்சி ஆவணமே எச்சரிக்கிறது.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. ஒரே மாஸ்டர் புராசஸின் கீழ் உள்ள பூல்கள் எல்லாம் ஒரே ஆப்கேஷைப் (தொகுத்த பிஹெச்பி நிரலை வைத்திருக்கும் நினைவகம்) பகிர்கின்றன. மெமரி வரம்பும் அப்படித்தான்: பூல்கள் எல்லாம் ஒரே சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் நிரல்) சர்வீசுக்குள் இருப்பதால், பயனருக்கென்று போட்ட ஸ்லைஸ் வரம்பு அவற்றைத் தொடாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அக்கவுன்ட்டுக்கு ஒரு எஃப்பிஎம் சர்வீஸ். ஆப்கேஷ் பிரிந்துவிடும், சிபியு, மெமரி, டாஸ்க் எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கடிவாளம் போடலாம். விலை, ரேம். சில டஜன் அக்கவுன்ட்டுகளை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் என்றால் கிளவுட்லினக்ஸுக்கு லைசென்ஸ் பணம் கொடுப்பது தகும். அதிலுள்ள கேஜ்எஃப்எஸ் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு அமைப்பைக் காட்டுகிறது. பக்கத்து அக்கவுன்ட்டின் பெயர்கூடத் தெரியாது. மேலே சொன்ன சிம்லிங்க் தந்திரத்தைக் கிளவுட்லினக்ஸ் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) அடைக்கிறது. அக்கவுன்ட்டுக்கு இவ்வளவுதான் சிபியு, மெமரி என்று வகுக்கும் எல்விஇ வரம்புகள் ஒரு தளத்தின் சுமை மற்றவற்றின் மேல் விழாமல் தடுக்கின்றன.

எல்விஇ போட்டதும் வரும் புகார் 508 பிழை. ஒரே நேரத்தில் ஓடும் என்ட்ரி புராசஸ்கள் (தளத்துக்கு வரும் கோரிக்கைகளைக் கையாளும் புராசஸ்கள்) வரம்பைத் தொட்டுவிட்டன என்று பொருள். வழக்கமான வரம்பு 20. உடனே 40 ஆக்கிவிடாதீர்கள். பக்கம் அரை விநாடியில் முடிந்தால் 20 என்பது விநாடிக்கு 40 கோரிக்கைகள். அதே பக்கம் 5 விநாடி இழுத்தால் வெறும் 4. பெரும்பாலும் குற்றவாளி இண்டெக்ஸ் இல்லாத ஒரு டேட்டாபேஸ் க்வெரிதான். வரம்பைக் கூட்டினால் அந்த க்வெரி மைஎஸ்க்யூஎல்லை இன்னும் அழுத்தும், அடுத்து எல்லோருடைய தளமும் தள்ளாடும்.

இந்தப் பிரிப்பும் எல்லா ஓட்டையையும் அடைக்காது. 2022 ஜனவரியில் வெளியான ப்வ்ன்கிட், ரூட் உரிமையில் (சர்வரின் முழு அதிகாரம்) ஓடும் பிகேஎக்ஸெக் நிரலில் இருந்த ஓட்டை. அந்த நிரலையே கண்ணில் காட்டாத கேஜ்எஃப்எஸ் அதைத் தடுக்கும். 2016-இன் டர்ட்டி கவ் ஓட்டை கெர்னலுக்குள்ளேயே இருந்தது. அதற்கு எஃப்பிஎம்மும் கேஜ்எஃப்எஸும் ஒன்றுதான். பேட்ச் ஒன்றே வழி. ரீபூட்டுக்கு நேரம் ஒதுக்க முடியாத சர்வர் என்றால் ரீபூட் இல்லாமலே கெர்னலைத் திருத்தும் லைவ் பேட்ச்சிங்கைச் சேர்த்தே வாங்குங்கள். ஒதுக்க முடியும் என்றால், கெர்னல் அப்டேட் வந்த அன்றிரவே ரீபூட் செய்யுங்கள்.